பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு, இரண்டாவது பெஞ்சு

எங்கள் வீட்டுக்கு நான்கு சக்கரங்கள் உண்டு. நான்கிலும் காற்று கிடையாது. அம்மா வேலை பார்க்கும் சலவைக் கூடத்தின் பின்பக்கம், சோப்புத் தண்ணீர் ஓடும் கால்வாய்க்கும் மதிலுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு காலத்தில் ஓட்டல்களுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோன வேன். முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்த வாரத்தில்தான், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை யாரோ வாங்கி இடித்தார்கள். அம்மா போய்ச் சாவியைக் கேட்டாள். ஏழு மாதமாக அம்மாவும் நானும் அதற்குள் இருக்கிறோம்.

அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "வண்டில இருக்கோம்னு எவகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் வரை நான் மூச்சு விடவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு எழுதப்போகிற ஒவ்வொருவர் விலாசத்துக்கும் பள்ளியிலிருந்து ஒரு பதிவுத் தபால் போகும். மாணவரே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மூன்று முறை திரும்பி வந்தால் பட்டியலில் பெயர் இருக்காது. போன வருடம் அப்படிப் பட்டியலிலிருந்து விழுந்தவள், நாங்கள் அரைப்பென்சில் என்று கூப்பிடும் பெண். புதுப் பென்சில் கிடைத்ததும் அதை இரண்டாக உடைத்து மறுபாதியைத் தங்கைக்குக் கொடுப்பாள். அவள் குடும்பம் பஸ் நிலையத்தில் தங்கியிருந்தது. இப்போது அவள் சலவைக் கூடத்தில் அம்மாவுக்கு எதிரே நின்று தலையணை உறை மடிக்கிறாள்.

தபால் அனுப்புகிறவர் அலுவலகக் கிளார்க். பிள்ளைகள் வைத்த பெயர் முத்திரை. மேஜைமேல் ஈ உட்கார்ந்தால்கூட தேதி போட்டு முத்திரை குத்திவிடுவார் என்று பேச்சு.

விண்ணப்பத்தில் நான் வேனின் நம்பரை எழுதியிருந்தேன்.

"ஏம்மா, இது விலாசமா, விபத்து ரிப்போர்ட்டா?" என்றார்.

"அங்கதான் சார் இருக்கோம்."

"அனுப்பிப் பாக்கறேன். அப்புறம் எம்மேல குறை சொல்லாத."

முதல் தபால் ஒரு காலை பதினொரு மணிக்கு வந்தது. அந்நேரம் நான் வரலாறு வகுப்பில் இருந்தேன். அம்மா இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்றாள். அதை விட்டு ஒரு நிமிடம் நகர்ந்தாலும் விரிப்பு கருகும். 'ஆள் இல்லை' என்று எழுதப்பட்டுக் கடிதம் திரும்பிப் போனது.

இரண்டாவது தடவை நான் புத்திசாலித்தனம் செய்தேன். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மூன்று நாள் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாகத் தெரிந்ததெல்லாம் மதிலும் ஒரு பூனையும்தான். தபால் வரவில்லை. நான்காம் நாள் அறிவியல் செய்முறைத் தேர்வு. போகாமல் இருக்க முடியாது. போனேன். அன்றைக்குத்தான் வந்து தொலைத்தது.

முத்திரை அதை மேஜைமேல் தட்டிக் காட்டினார். "ரெண்டாச்சு. இதுல மூணு நாள் லீவு வேற. நீ எதுக்கும்மா கஷ்டப்படற? உன் கூட்டாளி மாதிரி சலவைக் கூடத்துல ஒரு வேலையப் பாத்துக்கயேன்."

காது சூடாகி வெளியே வந்தேன். சாயங்காலம் சலவைக் கூடத்து வாசலில் தபால்கார அக்கா சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நேராகப் போய்க் கேட்டேன்.

"மூணு நாள் பள்ளிக்கூடம் போகாம காத்துக் கெடந்தேன். ஒரு நாள் முன்னாடி வந்தா என்னக்கா கொறஞ்சா போயிடும்?"

"நீதானா அந்த வேனு?" என்று சிரித்தார். "ஏன் கண்ணு, பள்ளிக்கூடத்துல படிக்கறதுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டியா? உன்னாட்டம் ஆளை நான் பாத்ததே இல்ல."

"வேற என்ன பண்றது? நீங்க வர்ற நேரத்துக்கு நான் வீட்ல இருக்க முடியாதே."

"வீடோ காடோ, எனக்கென்ன? எழுதின எடத்துல ஆள் இருக்கணும், கையெழுத்துப் போடணும். அவ்ளோதான் என் வேலை."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை, வாரத்தில் ஐந்து நாள், என்னை எங்கே தேடினால் கிடைப்பேன்? கேள்வி அவ்வளவு சுலபமாக இருந்ததில் எனக்கே கோபம் வந்தது.

மூன்றாவது தபாலுக்காக விலாசம் மாற்றி எழுதிய புது விண்ணப்பத்தை அம்மாவிடம் நீட்டினேன். பையில் கசங்கிப்போயிருந்தது. படித்துவிட்டு அம்மா என்னையே பார்த்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சிடும்டி."

"தெரியட்டும்மா. நாம யார் வீட்டையும் இடிக்கலயே."

எதிரே அரைப்பென்சில் மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அம்மா அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை இஸ்திரி இயந்திரத்துக்குள் விட்டாள். ஓட்டல் மேஜைத் துணிபோல விறைப்பாக வெளியே வந்தது.

"இத மடிக்காம கொண்டுபோ" என்றாள்.

முத்திரை அதை இரண்டுமுறை படித்தார். பள்ளியின் பெயர், கீழே: பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு, இரண்டாவது பெஞ்சு.

"என்ன நக்கலா? இங்கேருந்து இங்கேயே தபாலா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார். அனுப்புங்க."

அவர் சிரித்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கு வரும் தபாலெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். 'அப்படி யாரும் இல்லை' என்று எழுத அவருக்கு ஒரு விநாடி போதும்.

வியாழக்கிழமை கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வராந்தாவில் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட குடுத்துட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்!"

"பதிவுத் தபால் சார். உங்க பேரா போட்டிருக்கு?"

"க்ளாஸ் நடக்குது!"

"நல்லதுதான். ஆள் உள்ள இருக்கும்."

கதவில் தபால்கார அக்கா, பின்னால் மூச்சு வாங்கியபடி முத்திரை. கணக்கு டீச்சர் சாக்பீஸோடு திரும்பினார். அக்கா உறையைப் பார்த்து, உரக்க, விலாசத்தை முழுக்க வாசித்தார்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. என் முகம் எரிந்தது. பெஞ்சுக்கடியில் நுழைந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் எழுந்து நின்றேன்.

"நான்தான். வேன்ல தங்கறதால இந்த விலாசம் குடுத்தேன். சிரிச்சு முடிச்சிட்டீங்களா?"

முடித்துவிட்டார்கள். டீச்சர் தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். முத்திரை பக்கம் திரும்பி, "இருக்காளே சார். தினமும் இருக்கா. வருகைப் பதிவேடு காட்டட்டுமா?" என்றார். மூன்று நாளைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டேன், என் முழுப் பெயரை, கட்டத்துக்கு வெளியே வழியும் அளவுக்கு.

உறைக்குள் ஒரே வரி: இந்த விலாசத்தில் தாங்கள் வசிப்பது உறுதி செய்யப்படுகிறது.

புது விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி. காலை எட்டு மணிக்கு மறுபடி முத்திரையின் மேஜை முன்னால் நின்றேன். கூடவே அரைப்பென்சில். அம்மா தேய்த்துக் கொடுத்த என் பழைய சீருடையில், கையில் விறைப்பான ஒரு தாளோடு.

முத்திரை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"இதென்ன, அதே பெஞ்சா?"

"ஆமா சார்" என்றேன். "நான் தள்ளி உக்காந்துக்கிட்டேன்."