ஆடியில் அவர் வரவில்லை

கட்டிய புருஷனோடு திருட்டுத்தனமாக லாட்ஜில் அறை எடுத்தவள் நான். சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜில் ஆதார் அட்டையை வாங்கியவன், என் கழுத்தில் கிடந்த புது மஞ்சள் கயிற்றையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "வீட்டுக்காரம்மாவா சார்?" என்று ஒரு தினுசாகக் கேட்டான். இவர் என்னவோ கொலை பண்ணிவிட்டு வந்தவர் மாதிரி வேர்த்து விறுவிறுத்து நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்குச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துப் பிறகு அழுதேன்.

என் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இப்படித்தான், எங்கேயோ வடக்கே யாருடைய காட்டிலோ போர் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டி சேற்றில் இறங்காது, அப்போதுதான் வீட்டு ஞாபகம் வரும். அந்த மழையும் ஆனி கடைசியில்தான் பிடிக்கும். வந்து பையை இறக்கி வைப்பதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆடியில் உண்டான பிள்ளை சித்திரையில் பிறக்குமாம், தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் அப்பன் உயிருக்கு ஆகாதாம். இந்தச் சட்டம் போட்ட புண்ணியவான் ரிக்குக்குப் போகிறவனை நினைத்தே பார்க்கவில்லை.

எனக்கு வைகாசியில் கல்யாணம். பத்தே நாளில் இவர் வண்டி ஏறிவிட்டார். ஆனி கடைசியில் வந்தார், ஒரு வாரம் இருந்தோம். ஆடி முதல் தேதி என் மாமியார் மயிலம்மாள் அத்தை என்னைப் பனமரத்துப்பட்டியில் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். வந்த வாரமே தூரமானேன். ஆடி பாதியில் இவரிடமிருந்து போன் வந்தது. "ராய்ச்சூர்ப் பக்கம் மழை விட்டிருச்சாம், நாளைக் கழிச்சு வண்டி கெளம்புது. போர் போடற பிட் வாங்கச் சேலம் வாரேன். நீயும் வந்துட்டுப் போயேன்" என்றார். குரல் கெஞ்சியது. இளம்பிள்ளையில் சேலை பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து, கலர் ஒன்றும் சரியில்லை என்றேன். அடுத்த நாள் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் தள்ளிப்போனது.

ஆகையால் என் பிள்ளை எந்த நாளில் உண்டானது என்று எனக்குத் தெரியும். எந்த மிஷினும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அனிதா டாக்டர்தான் முதலில் பார்த்தார். இரண்டாம் மாதம் ஸ்கேன் எடுத்து, ஏப்ரல் கடைசியில் பிறக்கும் என்றார். அத்தை விரல் விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"அதெப்படிங்க டாக்டரம்மா? ஏப்ரல் கடேசின்னா நடுச் சித்திரையல்ல வருது? ஆடியில இவ தாய் ஊட்லல்ல இருந்தா?"

நான் தரையில் இருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் அத்தையே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், டாக்டரம்மா கணக்குத் தப்பு.

அத்தையைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வாந்தியில் நான் சுருண்டு கிடந்தபோது என் சேலையைத் துவைத்துப் போட்டவர் அவர். அத்தையின் தம்பிக்குச் சித்திரையில் பையன் பிறந்தான். அந்த வருஷமே தம்பி லாரி கவிழ்ந்து போய்விட்டார். மூடின முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை என்பார். மாசியில் ராய்ச்சூரில் ஒரு கேசிங் பைப் சரிந்து இவர் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அது தெரிந்த நாளிலிருந்து அத்தை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார்.

பங்குனியில் எனக்குச் சுகர் காட்டியது. மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி என்று ஏப்ரல் ஒன்பது அச்சாகியிருந்தது. எடை மூன்று கிலோ முந்நூறு. ஏப்ரல் ஒன்பது பங்குனிக்குள் வருகிறது. ஆனியில் நாங்கள் ஒன்றாக இருந்த வாரத்துக்கும் பொருந்துகிறது. அத்தை அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அனிதா டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, முதல் ஸ்கேன் தேதிதான் தேதி. ஆரம்பத்துல எல்லாக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல வளரும், அதனால நாள் சரியா வரும். கடைசியில ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு. சட்டை அளவை வச்சு வயசு சொல்ற மாதிரிதான் இது. ரெண்டு மூணு வாரம் முன்னப்பின்ன காட்டும். எடையும் அப்படித்தான், அரைக் கிலோகூடத் தப்பும். இவங்களுக்குச் சுகர் வேற இருக்கு, குழந்தை வயிறு பெருசாத் தெரியுது. அவசரப்பட வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

அத்தை தலையாட்டினார். காரில் ஏறியதும், "மிஷின் என்ன, எடுக்கறப்பவெல்லாம் ஒண்ணு சொல்லுமா? இப்பக் கடேசியா எடுத்ததுதானே சரியா இருக்கும்?" என்றார். மாமனார் சின்னண்ணன் மாமா வண்டி ஓட்டிக்கொண்டே ஆமாம் போட்டார். செல்போனிலிருந்து டிராக்டர் வரை எதுவானாலும் கடைசியாக வந்ததுதான் நல்லது என்று நம்புகிறவர் அவர். ஸ்கேனுக்கும் அதே நியாயம்தான்.

நாலு நாளில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மாமாவுக்குத் தெரிந்த ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள், பங்குனியில் வளர்பிறை, ஏப்ரல் முதல் வாரம். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடுவது.  என் வயிற்றுக்குள் பிள்ளை அது பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று அதற்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரியும்.

மானம் போனால் போகட்டும் என்று அன்று சாயங்காலம் வாயைத் திறந்தேன்.

"அத்தை, ஆனியில இல்லைங்க. ஆடியில அவரு சேலம் வந்திருந்தாருங்க. நானும் போயிருந்தேன். டாக்டரம்மா சொன்ன தேதிதாங்க சரி. இப்ப எடுத்தா மாசம் பத்தாதுங்க அத்தை."

அத்தை என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஊஞ்சல் பலகையில் வைத்தார். மாமா டிவியை அணைத்தார்.

"சாமி, ஒரே ஒரு வார்த்தை கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. ஆடியில நீ கிருத்திகாவைப் பாத்தியா?"

அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தீரவே தீராது என்று தோன்றியது.

"ஏம்மா?"

"ஆடியில உண்டானதாம். சித்திரையிலதான் பொறக்குமாம். உன்ற பொண்டாட்டி சொல்றா."

மறுபடியும் கம்ப்ரசர். பிறகு அவர் சொன்னார். "இல்லைங்கம்மா. நான் எங்க போனேன்? பிட்டு வாங்கீட்டு நேரா ஊட்டுக்குத்தானே வந்தேன்."

 "ஏனுங்க" என்று மட்டும் கூப்பிட்டேன். லைன் அறுந்துவிட்டது, அல்லது அவரே துண்டித்துவிட்டார்.

அத்தை போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவன் வரலைங்கறான். நீ ஆடியிலதான்னு சொல்றே. அப்பறம்..." அதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. "வேண்டாம் அம்மிணி. பயத்துல என்னமோ ஒளர்றே. இதை இத்தோட உட்டுரு" என்று என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

அந்தத் தடவலில்தான் எனக்கு நிலைமை புரிந்தது. ஆடி, ஆடி என்று நான் இன்னும் இரண்டு தடவை சொன்னால் பிள்ளைக்கு அப்பன் யார் என்ற கேள்வி வந்துவிடும். பிள்ளையைக் காப்பாற்ற என்னிடம் இருந்தது ஒரே ஒரு உண்மை. அது என் கழுத்துக்கே கத்தியாகத் திரும்பிவிட்டது.

ராத்திரி அவரே கூப்பிட்டார். அழுதார். "அந்த பைப்பு விழுந்ததுல இருந்து எனக்குக் கையி நடுங்குது கிருத்தி. அம்மா சொல்றது நெசமாயிருந்தா? மூணு கிலோ இருக்குதாமே, ஒண்ணும் ஆகாது. நீ கையெழுத்துப் போட்டுரு. நான் வாரேன்."

நான் என்ன சொல்ல? சாகப் பயப்படுகிற ஒருவரிடம் நியாயம் பேசவா முடியும்? பேசினேன். திட்டினேன். காறித் துப்பாத குறை. எல்லாவற்றுக்கும் அழுகைதான் பதில்.

அம்மாவைக் கூப்பிட்டேன். நான் ஆடியில் தூரமானதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வந்து சொல்லம்மா என்றேன்.  "சொல்றேன் சாமி. ஆனா நெசமா மாப்பிள்ளைதான் வந்தாரா? அன்னிக்கு நீ சேலைக்குன்னல்ல சொல்லீட்டுப் போனே?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

நர்சிங் ஹோம் டாக்டர் கடைசி ரிப்போர்ட்டை மட்டும்தான் பார்த்தார். மற்றதெல்லாம் பழைய ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று மாமா சொல்லிவிட்டார். "கடைசியா எப்பத் தலைக்குக் குளிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ஆடியில" என்றேன். "அது வெறும் படறதுங்க. முழுகாம இருக்கறப்பக்கூடச் சிலபேருக்கு அப்படிப் படுமுங்க" என்றார் அத்தை, எனக்கு முன்னால் நின்றுகொண்டு. முதல் ஸ்கேனில் ஏப்ரல் கடைசி என்று சொன்னார்கள் என்றேன். டாக்டர் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டார். இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முப்பத்தெட்டு வாரம் தாண்டிருச்சு, மூணு கிலோவுக்கு மேல இருக்கு, சுகரும் இருக்கு. எடுத்துடறதுதான்மா சேஃப்" என்றார். பேனாவை நீட்டியது நர்ஸ். கையெழுத்துப் போட்டது நான்தான். வேறு யார் போடுவார்கள்?

பையன். இரண்டு கிலோ எழுநூற்றைம்பது. அந்த மூன்று கிலோ முந்நூறு எங்கே போனது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவன் வீறிட்டு அழவில்லை, முனகினான். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். துணியை விலக்கி ஒரு நொடி காட்டினார்கள், விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தையல் போட்ட வயிற்றோடு நான் இங்கே, காலி வயிற்றைத் தடவிக்கொண்டு. இவ்வளவு நாளாக என்னை விட்டு நகராதவனை ஒரு வேனில் வைத்து அனுப்பிவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் கெஞ்சிக் கூத்தாடி நானும் சேலம் போய்ச் சேர்ந்தேன். பச்சைக் குழந்தைகளை வைத்திருக்கும் வார்டின் கண்ணாடிக்கு வெளியே அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அவரும் இருந்தார். ராய்ச்சூரிலிருந்து வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடிக்கு உள்ளே மூக்கில் குழாயோடு என் பையன். ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிவிட்டதாம்.

குழந்தை டாக்டர் வெளியே வந்தார். "யாரு இந்தக் குழந்தைக்கு நாள் கணக்குப் பார்த்தது? இது மாசம் நிறைஞ்ச குழந்தையே இல்ல. பாதத்துல ரேகை முழுசா விழல. காது மடல் மெத்துன்னு இருக்கு. முப்பத்தாறு வாரம்கூட இருக்குமான்னு சந்தேகம்தான். நுரையீரல் இன்னும் காத்துக்குத் தயாராகல. மூணு வாரம் உள்ளயே விட்டிருந்தா இந்தக் கஷ்டமே இல்ல. இன்னிக்கு ராத்திரி பார்க்கலாம். வேற ஒண்ணும் இப்ப நான் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். மெள்ள என் பக்கம் திரும்பினார். உதடு கோணியது.

"அப்ப... நீ சொன்னது நெசமா கண்ணு? அவன் வந்தானா?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார். சொல்லத்தான் வந்தார். ஆபரேஷனுக்கு முந்தியே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்ல வந்தார்.

இதற்காகத்தான் நான் அந்த ஊஞ்சல் பலகை முன்னால் நின்று தவித்தேன். என் வார்த்தை உண்மை என்று இந்த வீடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று. ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்கு வேண்டாமாயிருந்தது. நான் சொன்னது உண்மையென்றால் உள்ளே கிடப்பவன் மாசம் பத்தாத பிள்ளை. நான் பொய்க்காரியென்றால் அவன் ஆனிப் பிள்ளை, மாசம் நிறைந்தவன், அவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த மிஷின் சொன்னதே சரியாக இருந்துவிடட்டும். நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கண்ணாடிக்குள் அந்தச் சின்ன விலா ஏறி இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது.

அவரை முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

"இல்லைங்க அத்தை. ஆடியில அவரு வரலை. நாந்தான் பொய் சொன்னேன்."