புன்னைத்திட்டில் நின்றவர்கள்

தில்லையம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது யூகி குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தாள். கிள்ளைக்குக் கிழக்கே, காயலை ஒட்டிய புன்னைத்திட்டில், பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடத்தில் தங்கி அலையாத்திக் கன்று நடுகிற வெளிநாட்டு இளைஞர்களில் அவளும் ஒருத்தி. ஜப்பான்காரி. அவளோடு எப்போதும் ஜெர்மனிப் பையன் யோனாஸ் இருப்பான்.

சாக்கைப் பார்த்து யூகி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பிளஸ் ஒன் படிக்கும் மகள் இசைவாணி அதைத் தமிழில் சொன்னாள்.

"கடலூருக்குப் போறோம் பாப்பா," என்றாள் தில்லையம்மாள். "இவ அப்பாவுக்கு சிப்காட் பக்கம் வாட்ச்மேன் வேலை இருக்காம். பொங்கல் கழிச்சிக் கெளம்பணும். எனக்கு மனசே இல்ல. ஆனா இவ படிக்கணுமே."

சிதம்பரத்திலிருந்து வரும் பேருந்து, திட்டின் புன்னை மரத்தடி வரை வந்து திரும்ப வேண்டும். ரொம்ப நாளாக அது பாலத்தோடு திரும்பிவிடுகிறது. பாலத்திலிருந்து ஊருக்கு, இருபுறமும் புதர் மண்டிய ஆளற்ற சாலை. காலையில் அப்பா கொளஞ்சி சைக்கிளில் கொண்டுவிடுவார். மாலையில் அவர் வலைக்குப் போய்விடுவதால், இருட்டுகிற நேரத்தில் இசைவாணி தனியே நடந்து வருவாள். அந்தக் கவலைதான் சாக்கில் ஏறியிருந்தது.

"பஸ் ஏன் வரலைன்னு கேக்குறாம்மா."

"ஆளு நிக்கலன்னு வரல."

"ஆளு ஏன் நிக்கலையாம்?"

"பஸ்ஸு வரலன்னு நிக்கல," என்று சொல்லித் தில்லையம்மாளே சிரித்துவிட்டாள்.

யூகி சிரிக்கவில்லை. மலைமேல் இருக்கும் தன் ஊரிலும் இப்படித்தான் முதலில் பேருந்து நின்றது, பிறகு கடை மூடியது, பிறகு ஆட்கள் போனார்கள் என்றாள்.

மறுநாள் காலை, கன்று நடப் போகுமுன், புன்னை மரத்தடி நிழற்குடையில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைப் பெருக்கித் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்தாள். நண்டு வியாபாரி கண்ணாயிரம் மொபெட்டை நிறுத்தினார்.

"ஏம்மா, ஏரோப்ளேன் புடிச்சி வந்த புள்ளைக்கு பஸ்ஸு எங்க நிக்கும்னு தெரியலயா? இங்கல்லாம் வராது!"

அவள் கைகூப்பினாள். பேருந்து வரவில்லை. அடுத்த நாளும் உட்கார்ந்தாள். அன்றும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் யோனாஸ் கொளஞ்சியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போய்ப் பேருந்தின் முன்னால் கையைத் தூக்கி நின்றான். கண்டக்டர் தேவநாதன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி?"

"அங்கே... ஆள்," என்றான் யோனாஸ், தனக்குத் தெரிந்த தமிழில். "காத்து இருக்கு."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை உள்ளே விட்டார். மரத்தடியில் ஒரே ஒரு பெண் எழுந்து நின்று கைகூப்பினாள். ஏறிக் கிள்ளை வரை போய் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பெண்களுக்கு இலவசம் என்று தேவநாதன் அவளிடம் காசு வாங்கவில்லை. பின்னொரு நாள் ஏறிய யோனாஸ் தன் டிக்கெட்டைக் காட்டி முறைத்ததில் அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு அவள் மரத்தடியிலும் அவன் பாலத்திலும் நிற்க, காலையும் மாலையும் பேருந்து உள்ளே வந்தது. இசைவாணி வெளிச்சத்தில் வீடு சேர்ந்தாள். கூலி வாங்காமல், பெயர் எழுதிவைக்காமல், யாருக்காகவோ ஓரிடத்தில் நிற்பதும் தொண்டுதான். அதை அந்தப் பிள்ளைகள் கடல் தாண்டி வந்து செய்தார்கள். ஆனால் கொளஞ்சி சாக்கை அவிழ்க்கச் சொல்லவில்லை.

"அவுங்க போயிட்டா யாரு நிப்பா?" என்றார். "நம்ம ஒரு வீட்டுக்காகவா வருவான்?"

தேவநாதனும் அதையேதான் கேட்டிருந்தார்.

பொங்கலுக்கு முன்பே முகாம் முடிந்தது. கிளம்பும்போது யூகி நிழற்குடையை இன்னொரு முறை பெருக்கிவிட்டு, துடைப்பத்தை அங்கேயே சாத்திவைத்துப் போனாள்.

பொங்கல் முடிந்து பள்ளி திறக்கிற நாள். தில்லையம்மாள் பொழுது விடியத் தெருவில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினாள்.

"பஸ்ஸு ஏற வேணாம். வந்து நில்லுங்க, போதும்."

"தில்லை, உனக்கு என்னா ஆச்சு?" என்றார் கண்ணாயிரம். "நின்னா வந்துடுமா?"

"அண்ணே, இந்தத் தில்லைக் காட்டுல ரெண்டு முனிவருங்க காத்து நின்னாங்க. அதனாலதான் செதம்பரத்துல சாமி வந்து ஆடுச்சுன்னு சொல்றோம். காத்து நிக்கிறவங்க இருந்தா சாமியே வருது. பஸ்ஸு வராதா? எவ பெத்த பொண்ணோ நமக்காவ ஒத்தையில குந்தியிருந்துச்சே, அதையாவது நெனைச்சிப் பாரு."

கண்ணாயிரம் மொபெட்டை உள்ளே தள்ளிவிட்டு நண்டுக் கூடையோடு வந்தார்.

பாலத்தருகே பேருந்து வேகம் குறைந்தது. யோனாஸ் நிற்கும் இடத்தில், அதே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டோடு கொளஞ்சி கையைத் தூக்கி நின்றார்.

"இன்னாய்யா, உள்ள ஆளு நிக்கிதா?" என்று எட்டிப் பார்த்தார் தேவநாதன்.

"நிக்கிறாங்க சார். எம்மவளும் பொண்டாட்டியும் நிக்கிறாங்க. நண்டு வேற நிக்கிது."

"நீ கடலூருக்குப் போறதா சொன்னாங்களே?"

கொளஞ்சி துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பொண்டாட்டி கட்டுன சாக்கை அவளே அவுத்துட்டா சார். ராத்திரி அதுல இருந்த குண்டான்லதான் சோறு வச்சா. இனிமே எங்க போறது? நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்."