அணைக்காத சூடம்

கூலி கேட்டவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்புகிற காலமாகிவிட்டது. முன்பெல்லாம் இல்லாதவன் இல்லை என்று சொல்லித் தலையைக் குனிவான். இப்போது தோளில் கையைப் போட்டு, "நாம என்ன அந்நியமாண்ணே?" என்கிறான்.

சோணைக்கு முதலாளி வாங்கிக் கொடுத்த அந்தக் காபியே கசந்தது. மதுரைக்கும் கொட்டாம்பட்டிக்கும் ஓடும் கரி பஸ்ஸில் அவருக்கு வேலை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், முதலாளி தங்கவேலு பஸ்ஸின் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் வண்டியை ஓட்டினார். விடிகாலையில் அதற்குக் காற்றூதும் சக்கரத்தைத் தோள் கழலச் சுற்றுகிறவர் சோணை. சம்பளத்தைக் கண்ணில் பார்த்து மூன்று மாதமாயிற்று. நேற்றுத்தான் பெண்டாட்டி ராமக்காள் வீட்டிலிருந்த ஒரே அண்டாவையும் அடகுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கோச்சடைச் செங்கல் சூளையில் தீப்போட ஆள் கேட்டிருந்தார்கள். வாரக்கூலி. இன்று வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். போனால் பழைய பாக்கி கோவிந்தா. இருப்பதென்றால் முதலாளி சொல்லுக்கு ஒரு பிடி வேண்டும்.

முதல் நடைக்கு முன்னால் பஸ்ஸுக்குச் சூடம் காட்டுவது வழக்கம். டிரைவர் காளை தரையில் சூடத்தைக் கொளுத்தியதும், சோணை சக்கரத்தை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"மொதலாளி, வர்ற வெள்ளிக்கெழம சம்பளம்னு சொல்றீகள்ல? அதச் சூடத்த அணைச்சுச் சொல்லுங்க. நான் இருந்துக்கிறேன்."

எரிகிற சூடத்தைக் கையால் பொத்தி அணைத்துச் சொன்ன சொல் தவறினால் வம்சத்துக்கே ஆகாது.

"சோணைண்ணே, எம் பொஞ்சாதி காதுல வேப்பங்குச்சிதான் கெடக்கு. தோடு டயருக்குப் போச்சு. என்னைய நம்பலையா?" என்றார் முதலாளி.

"அவுக காதப் பாத்தா எனக்கு வயிறு ரொம்புமா? சூடம் எரிஞ்சு போகுது."

தங்கவேலு துண்டை இடுப்பில் கட்டினார். குனிந்து கையை நீட்டினார்.

"அய்யய்யோ, வேணாம் சாமி!" கரி உடைக்கும் பாண்டியம்மாள் அலறினாள். காளை பாய்ந்து முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"உப்புப் போட்ட மனுசனச் சூடத்தப் பொத்த வச்சா, அந்தப் பாவம் நம்ம புள்ளகுட்டிக்குல்ல வரும்!"

"சம்பளம் எப்ப வந்தா என்ன, இது வேணாம்" என்று பாண்டியம்மாள் மூக்கைச் சிந்தினாள். கண்டக்டர் மரியராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். இந்த இழுபறியில் சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது. முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

சோணை காளையின் பக்கம் திரும்பினார். "மூணு மாசமா நம்ம வயித்தப் பொத்திக்கிட்டுக் கெடக்கோமே, அதுக்குப் பாவம் கெடையாதாடா?"

"ஈவு இரக்கமில்லாத ஆளுண்ணே நீங்க. நான் புடிக்கலேன்னா அணைச்சே இருப்பாரு."

"அணைச்சிருப்பாருல்ல? அப்ப இன்னொண்ணு கொளுத்து மாப்ள."

காளை தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டான். சோணை முதலாளியைப் பார்த்தார். கொளுத்தச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சக்கரத்துக்குத் திரும்பிவிடலாம். முதலாளி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சக்கரத்த நீயே சுத்திக்க" என்று காளையிடம் சொல்லிவிட்டு, சோணை வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணே, வெள்ளிக்கெழம வாங்க. கட்டாயம் தந்துருவேன்!"

குரலில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் சோணைக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"வாரேன், வாரேன். வந்து இன்னொரு காபி குடிச்சிட்டுப் போறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கோச்சடைப் பக்கம் எட்டி நடந்தார்.