யஹ்யாவின் வண்டிலை வரைந்த சுவிஸ்காரர்

சுவிட்சர்லாந்துக்காரர் எமில் எதை வரைந்தாலும் அது பாரம் இழந்தது. சொந்த ஊரில் ரயிலுக்கும் சொக்கலேற்றுக்கும் சுவரொட்டி வரைந்து பெயரெடுத்தவர். தேவையில்லாத கோட்டை அழித்துக்கொண்டே போவது அவர் தொழில்முறை. அங்கே அதனால் ஒன்றும் ஆகவில்லை. இலங்கையின் வன்னி வெயிலில்தான், தாளில் அழிந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பொருளிலிருந்தும் கொஞ்சம் பாரம் கழன்றது. 1956இல் விதைநெல் விளம்பரம் வரைய வந்து, நெளுக்குளத்தில் அரிசி வியாபாரி ஹலீமின் கடைப் பின்னறையில் தங்கினார். முதலில் ஒரு நெல்மூட்டையை வரைந்தார். அது எழும்பிக் கூரை முகட்டில் முட்டி நின்றது. "துரை, என்ர தராசே என்னைக் கள்ளன் எண்டுது!" என்று ஹலீம் கத்தினார். மூட்டை தூக்குகிறவர்களோ துரைக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்த மார்கழியில் குளக்கட்டு உடைந்தது. செட்டிகுளத்திலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட யஹ்யாவின் மாட்டுவண்டில், ஹலீமின் கடை வாசலில் அச்சுவரை சேற்றில் புதைந்தது. உள்ளே அவர் மனைவி ஜொஹறா பிள்ளை பெறும் வலியில் கிடந்தார். தண்ணீரோ ஏறிக்கொண்டிருந்தது.

"துரை, அந்த மூட்டையைப் போல இதையும் தூக்கிவிடுங்கோ" என்று யஹ்யா கெஞ்சினார்.

யஹ்யாவின் தாய் உம்மு ஹானி வண்டிலுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "வண்டிலை மட்டும் படமாக் கீறுங்கோ. உசிருள்ளதைக் கீறினா, அதுக்கு உசிர் குடு எண்டு படைச்சவன் மறுமையில கேப்பான்."

"மாமி, வேதம் பிறகு சொல்லலாம். சுறுக்காக் கீறச் சொல்லுங்கோ!" என்றார் ஜொஹறா.

ஒரு படத்துக்கு மூன்று மாதம் எடுப்பவர், அன்று நின்ற நிலையில் வரைந்தார். சக்கரத்தின் ஆரங்களை அழித்தார், வண்டில் கூடாரத்தை ஒரே வளைவாக்கினார். வண்டில் சேற்றை விட்டு எழும்பியது. படத்தின் நடுவில், ஜொஹறா கிடக்க வேண்டிய வெறுமையான இடம் அவர் கண்ணை உறுத்தியது. பழக்கத்தில் பென்சில் அங்கே போயிற்று. பயப்படாதீர்கள், பிள்ளைகளே. உம்மு ஹானியின் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். வரைந்திருந்தால் ஜொஹறாவும் பாரமற்றுக் காற்றோடு காட்டுக்கு மேலே போயிருப்பார். வரையாததால் அந்த இரண்டு பெண்களின் பாரமே வண்டிலை வெள்ளத்துக்குச் சற்று மேலே பிடித்து வைத்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில் யஹ்யா அதைக் கயிற்றால் ஆஸ்பத்திரிவரை இழுத்துப் போனார்.

பெண் குழந்தை, நல்ல பாரம். ஜொஹறாவும் மாமியும் இறங்கிய கையோடு வண்டில் ஆஸ்பத்திரி ஓட்டுக்கு மேலே போய்விட்டது.

எமில் ஊர் திரும்பி, நடுவில் ஒன்றுமில்லாத சுவரொட்டிகள் வரைந்து பரிசுகள் வாங்கினார். யஹ்யா வேறு வண்டில் எடுத்தார். பழையது அறுவடைக் காலங்களில் நெளுக்குளத்துக்கு மேலே வரும். நெல் காயவைத்திருக்கும் பெண்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. நிழல் விழுந்தால் பாயை வெயிலுக்கு இழுத்துப் போடுவார்கள்.