சாட்சிக்கு ஓர் ஆள்

மாப்பிள்ளையின் அப்பா பியதிலக்க, பெண் வீட்டுக் கூடத்தில் பதிவாளருக்குப் போட்டிருந்த மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"எம்.பி. ஐயா வராம ஒருத்தரும் கையெழுத்துப் போடக் கூடாது."

பதிவாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சோதிடர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அடுப்புப் பற்றவைக்க, பிள்ளைக்கு முடியெடுக்க, வீட்டை விட்டுக் கிளம்ப, எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிற ஊர் இது. அந்த நேரம் போனாலும் போகட்டும், எம்.பி.யை விட முடியாது என்றால் இந்தச் சனத்தை என்னவென்று சொல்வது? பெரிய மனிதர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே கல்யாணத்துக்கு மரியாதை. பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால் சாட்சி யார் என்றுதான் விசாரிப்பார்கள்.

உள்ளறையில் மணப்பெண் தினூஷா, தாய் சீலவதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, அந்தாளு பேரு என் கல்யாணக் கடதாசியில வேணாம்."

"மெதுவாப் பேசு. நாந்தானே போய்க் கூப்பிட்டேன். இசுரு செத்தப்ப வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரே மனுசன்."

"அழுதாரு. பெறகு என்ன செஞ்சாரு?"

சீலவதி மகளின் சேலை மடிப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். போன மழைக்காலத்தில், வகுப்பு முடிந்து தோணியில் வந்த அவள் மகன் இசுருவை ஆறு கொண்டுபோனது. இரண்டு கரைக்கும் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் அந்தத் தோணி போகும். நடு ஆற்றில் கயிறு அறுந்தது. பாலம் கட்டுகிறேன் என்று எம்.பி. தேர்தலுக்குத் தேர்தல் வைத்த அடிக்கற்கள் கரையில் வரிசையாக நிற்கின்றன. பெண்கள் அவற்றில் துணி துவைக்கிறார்கள். சாவுக்குப் பிறகு, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"கயிறு இத்துப் போச்சுன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னது யாரு? யசோமா டீச்சர். தேர்தல்ல நின்னாங்க. நாம என்ன செஞ்சோம்?"

"டீச்சர் நல்லவங்கதான். ஆனா ஜெயிக்க மாட்டாங்களேன்னு..."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். அதனாலதான் ஜெயிக்கல."

தினூஷா சேலைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பின்கட்டில் விருந்துக்கான பால்சோற்றுக் கட்டியைத் துண்டுகளாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த யசோமாவை எல்லோர் காதிலும் விழும்படியே கூப்பிட்டாள்.

"டீச்சர், என் பக்கச் சாட்சி நீங்க போடணும்."

யசோமா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். "வோட்டுப் போட ஆளில்லாத ஊர்ல கையெழுத்துப் போடவாவது கூப்பிட்டியே, மகளே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பியதிலக்க எழுந்துவிட்டார். "தோத்துப் போனவளச் சாட்சி வெச்சு ஆரம்பிக்கிற குடும்பம் வெளங்குமா? லஹிரு, எழும்பு. உன் வேலைக் கடிதம் எம்.பி. ஐயா மேசையில கிடக்கு. வேலையா இவளான்னு இப்பவே சொல்லு."

அரசாங்க வேலைக்காக அந்த எம்.பி.யின் வாசலில் காத்துக் கிடந்தவன்தான் மாப்பிள்ளை லஹிரு. கூட்டத்துக்கு ஆள் சேர்த்தான், சுவரொட்டி ஒட்டினான். ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, என் பக்கச் சாட்சி நீங்க போடுங்க."

"என் கை முறிஞ்சாலும் போட மாட்டேன்."

"அப்ப வேற யாராவது வாங்க" என்றார் பதிவாளர், தன் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்துக்கொண்டே. "நேரம் போகுது."

முற்றம் நிறைய ஆட்கள். காலையிலிருந்து எம்.பி.யைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். கள்ளன் என்றார்கள், அவன் பரம்பரையே கள்ளன் என்றார்கள், நல்லவன் ஒருத்தன் வந்தால்தான் நாடு உருப்படும் என்றார்கள். இப்போது ஒருவனும் அசையவில்லை. ஒருவனுக்கு எம்.பி. தயவில் கூரைத் தகடு வர வேண்டும், இன்னொருவனுக்கு மணல் அள்ள அனுமதி, மற்றவனுக்கு மகளின் இடமாற்றம். லஹிருவின் சொந்த மாமன் காலுக்கடியில் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்தான். வெட்கக்கேடு.

சீலவதி உள்ளேயிருந்து வந்தாள். "மாப்பிள்ளை பக்கத்துக்கு நான் போடுறேன்" என்றாள்.

"அம்மா, நீங்க பொண்ணுக்குத் தாய்" என்றார் பதிவாளர், தயங்கியபடி.

"தாய் சாட்சியா நிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

அவள் எழுத்துக்கூட்டி எழுதினாள். யசோமா அதற்குக் கீழே கையெழுத்திட்டாள். நல்ல நேரம் முடிவதற்குள் எல்லாம் ஆயிற்று.

அதன்பிறகுதான், ஆற்றைச் சுற்றி வரும் பெரிய பாதையில் எம்.பி.யின் வண்டி வந்தது. முற்றம் முழுக்க எழுந்து நின்றது. திட்டிய வாய்களெல்லாம் "வாங்க ஐயா, வாங்க" என்றன. அவர் கும்பிட்டபடியே உள்ளே வந்து, மேசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"எங்க போடணும்?"

"இடமில்லீங்க. ரெண்டு சாட்சியும் முடிஞ்சுது" என்றார் பதிவாளர்.

அவர் யசோமாவைப் பார்த்தார், பிறகு லஹிருவைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எத்தனை தேர்தல் பார்த்தவர். முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவாயில்ல. நல்ல நாள்ல ஒரு நல்ல சேதி சொல்லிட்டுப் போறேன். அடுத்த மாசம் பாலத்துக்கு அடிக்கல் வைக்கிறோம். செத்துப் போன நம்ம புள்ள இசுரு பேரையே வெச்சிடுவோம்."

கைதட்டினார்கள். பியதிலக்கவின் கைகள்தான் பலமாகத் தட்டின.

சீலவதி எம்.பி.யின் எதிரே போய் நின்றாள். அவள் குரல் எழும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

"அவன் பேரு அவனோட போகட்டும் ஐயா. கயித்த மாத்துங்க."

எம்.பி. அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். பியதிலக்கவையும் ஏற்றிக்கொண்டார். மாப்பிள்ளை வீடு அக்கரையில். வேறு வண்டி இல்லை. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. தினூஷாவும் லஹிருவும் அந்த முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். கை தட்டியவர்களில் பாதிப் பேர் அதே தோணியில்தான் இருந்தார்கள்.