தறிச் சத்தத்தில் தூங்கும் பிள்ளை

கணவன் ரெஜி தன்னிடம் எதையோ மறைக்கிறான் என்று வனிதாவுக்கு முதலில் தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய் வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், உப்பு வாங்கி வரச் சொல்லலாம் என்று உள் அறைக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து பொம்மையைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தை ஷெரினின் முதுகுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“இன்னாது அது?”

“ஒண்ணுமில்ல. தறிகிட்ட கெடந்த ஆணி. புள்ள கையில எடுத்துடப் போவுதுன்னு…”

அவன் பொய் சொன்னால் வலது காதுமடலைத் தேய்ப்பான். இப்போதும் தேய்த்தான். மறுநாள் துவைக்கும்போது பையைத் துழாவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எடுத்து எங்கேயோ வைத்துவிட்டிருக்கிறான்.

அதன் பிறகு அவனுடைய ஒவ்வொரு அசைவும் அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. வேலூரில் இருக்கும் அவன் அக்கா இவாஞ்சலின் போன் செய்தால் முன்பெல்லாம் தறியில் உட்கார்ந்தபடியே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவான். இப்போது தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறான். ஒரு தரம் குப்பை கொட்டப் போகிற சாக்கில் வாசல் வரை போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“வனிதாவுக்குத் தெரியக் கூடாதுக்கா. அவ தாங்க மாட்டா.”

குப்பைக் கூடையோடு அப்படியே திரும்பி வந்தாள். வேறொரு பெண்ணாக இருக்குமோ என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியதும் அவளுக்கே பயமாகிவிட்டது. ஏனென்றால் மறைக்கிற விஷயம் அவளிடமும் ஒன்று இருந்தது.

ஷெரினுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. முன்கூடத்தில் தறி தடதடவென்று ஓட, உள்ளே தொட்டிலில் அவள் அசையாமல் தூங்குவாள். வருகிறவர்கள் எல்லாம், “நெசவுக்காரன் வீட்டுப் புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும்” என்பார்கள். வனிதாவும் பெருமையாகச் சிரிப்பாள். உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்த அன்று வீட்டு வாசலிலேயே சரவெடி வைத்தார்கள். நாய் கட்டிலுக்கடியில் ஓடியது. வனிதாவின் கையிலிருந்த முறம் விழுந்தது. ஷெரின் மட்டும் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தைரியமான பிள்ளை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் வனிதா. ஆனால் அன்றிலிருந்து, மாமியார் சகாயம்மாளோ ரெஜியோ பக்கத்தில் இருக்கும்போது பிள்ளையைக் கூப்பிட வேண்டுமானால், “பாப்பா” என்று சொல்லிக்கொண்டே காலால் தரையை ஒரு மிதி மிதிப்பாள். அதிர்வு தெரிந்து ஷெரின் திரும்பிப் பார்ப்பாள். “பாத்தீங்களா அத்த, எப்படித் திரும்புறா!”

அவள் பிறந்த வெம்பாக்கத்தில் அவளுக்கு ஒரு சித்தப்பா உண்டு. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. ரெஜி வீட்டார் பெண் பார்க்க வந்த நாளில் அவரைக் காலையிலேயே வயலுக்கு அனுப்பிவிட்டார் அப்பா. கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை, வனிதாவும் சொல்லவில்லை. இப்போது அதை யாரோ கிளறிவிட்டார்களா? அக்காவும் தம்பியும் சேர்ந்து என்ன பேசிக்கொள்கிறார்கள்? தன்னை வெம்பாக்கத்துக்கே அனுப்பிவிடப் பார்க்கிறார்களா?

மாமியாரும் சரியில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவள் மணிக்கூண்டுக்கு நேர் கீழே போய் நிற்கிறாளாம். அடுத்த தெரு உண்ணாமலை சொன்னாள். மணி அடித்து முடிந்த பிறகு உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுகிறாளாம். வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை.

ஒரு சாயங்காலம் ரெஜி தறியை விட்டு இறங்கிப் பிள்ளையைத் தூக்கினான்.

“எங்க எடுத்துகினு போறீங்க?”

“சும்மா, கடைத்தெரு வரைக்கும்.” காதுமடலைத் தேய்த்தான்.

அவன் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு வனிதா பின்னாலேயே நடந்தாள். அவன் கடைத்தெருப் பக்கம் திரும்பவில்லை. சேத்துப்பட்டு ரோட்டில் பாலுவின் லாரிப் பட்டறைக்குள் போனான். பாலு அவனோடு படித்தவன். வெளியே நின்றிருந்த டிராக்டருக்குப் பின்னால் வனிதா ஒதுங்கி நின்றாள்.

ரெஜி ஒரு லாரியின் முன்னால், பம்பருக்கு முதுகு காட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்தான். பாலு மேலே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். ரெஜி தலையை ஆட்டினான்.

ஏர் ஹார்ன் அலறியது. வனிதாவுக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ரோட்டில் போன சைக்கிள்காரர் தடுமாறிக் காலை ஊன்றிக்கொண்டு திட்டினார். ஷெரின் பிஸ்கெட்டைத் திருப்பிப் பார்த்து, நனைந்த பக்கத்தை மறுபடியும் வாயில் வைத்தாள்.

“இன்னொரு வாட்டி அடிடா,” என்றான் ரெஜி.

“வோணாம்டா ரெஜி. போதும்டா.”

“அடிடான்றேன்!”

மறுபடியும் ஹார்ன். ரெஜி பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுகிறான் என்பது வனிதாவுக்கு அவன் தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது. டிராக்டர் மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

அவன் அவளைப் பார்த்ததும் பிள்ளையின் காதைக் கையால் பொத்தினான். எதற்குப் பொத்தினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“நான் கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“அன்னிக்குப் பையில மறைச்சது விசிலுதான், நீ இல்லாதப்ப ஊதிப் பாத்தேன். தட்டு தட்டிப் பாத்தேன். நீ கூப்ட்டா மட்டும் திரும்புறாளேன்னு கொஞ்சம் நம்பிக்கையா இருந்தேன் வனிதா.”

அவள் லாரி டயரைப் பிடித்துக்கொண்டாள். “நான் தரையை மிதிச்சிகினு கூப்டுவேன்.”

பாலு வண்டியை விட்டு இறங்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சகாயம்மாள் சீறினாள். “இன்னாத்துக்கு இப்படிப் பேஜாரு பண்றீங்க? தறி சத்தத்துல பொறந்து வளர்ற புள்ள, அப்படித்தான் இருக்கும். எங்க பக்கத்துல யாருக்கும் அப்படி இல்ல.” ‘எங்க பக்கத்துல’ என்றபோது அவள் கண் வனிதாவின் மேல் வந்து நின்றது. தெரிந்துதான் சொல்கிறாளா, தற்செயலா? அன்று அடுப்படியில் மாமியார் பாத்திரத்தை வைத்த சத்தத்தில்கூட வனிதா அர்த்தம் தேடினாள்.

ஆனாலும் வேலூருக்குப் புறப்பட்டபோது, யாரும் கூப்பிடாமலே சகாயம்மாள் புடவை மாற்றிக்கொண்டு பையோடு வந்து நின்றாள்.

இவாஞ்சலின் சொல்லி வைத்திருந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயர்கள் ஒட்டிப் பரிசோதித்தார்கள். பிறகு டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்தார். இரண்டு காதும் கேட்கவில்லை. முதலில் மெஷின் வைத்துப் பழக்கலாம், பலன் குறைவாக இருந்தால் ஆபரேஷன், அதன் பிறகு பேச்சுப் பயிற்சி வருஷக்கணக்கில். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“முதல்ல எப்போ சந்தேகம் வந்துச்சு?”

“சரவெடி வெச்சப்ப,” என்றாள் வனிதா.

“அதுக்கு முன்னாடியே,” என்றான் ரெஜி, தரையைப் பார்த்துக்கொண்டு.

சகாயம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். “மூணாம் மாசம். தாலாட்டு பாடுனா, பாட்டுக்குக் கண்ணு சொக்கல. என் வாயையே பாத்துகினு இருந்துச்சு.”

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, “குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?” என்றார்.

ரெஜி இல்லையென்று தலையசைத்தான். சொல்லாமலே விட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை என்று வனிதாவுக்குத் தோன்றியது. தூங்கும் பிள்ளையின் தலைமுடியில் பசை திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

“எங்க சித்தப்பாவுக்கு. பொறந்ததுலேர்ந்தே,” என்றாள். “இவங்களுக்குத் தெரியாது. நாங்க சொல்லல.”

ரெஜி அவள் பக்கம் திரும்பினான். சகாயம்மாள் திரும்பவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ரெஜி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மாமியாரின் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று வனிதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் வெடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணமங்கலத்தில் ஏறிய ஒரு பெண் பின் சீட்டில் இடம் பிடித்து, வனிதாவின் மடியிலிருந்த ஷெரினைக் கொஞ்ச ஆரம்பித்தாள். “பாப்பா, ஏ பாப்பா! இங்க பாரு கண்ணு! எத்தினி வாட்டி கூப்டுறேன், திரும்ப மாட்டேங்குதே. ரொம்பத்தான் கிராக்கி பண்ணுது!”

வனிதாவின் பாதம் தானாகவே தரையிலிருந்து எழும்பியது. அது கீழே இறங்குவதற்குள் சகாயம்மாளின் கை அவள் முட்டியின் மேல் விழுந்து அழுத்தியது.

“அவளுக்குக் காது கேக்காதும்மா,” என்றாள் சகாயம்மாள், பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. “முன்னால வந்து மொகத்தக் காட்டிக் கூப்டு. சிரிப்பா.”