அம்மா சொல்லிவந்த மகள்

அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை மகள் நிமிர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் மருத்துவமனை வேன் வந்து நின்றது.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்துட்டாங்க," என்றான் கணவன். அம்மா கிடந்த குளிர்பெட்டியின் மூடியை மெல்ல இறக்கிவிட்டு அவள் எழுந்தாள்.

அம்மா மனநல மருத்துவமனையில் உள்நோயாளிகளோடு வேலை பார்த்தவள். எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "மாத்திரை குடுக்கறவங்கதான் டாக்டர். நான் வாயைக் குடுத்து மாட்டிக்கிறவ," என்று அம்மா திருத்துவாள். காலையில் வார்டில் இருப்பவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பாள். பேசவே பேசாதவர் இருந்தால் அவரோடு தானும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அதுதான் வேலை. நேற்றுக் காலை அந்த வட்டம் கலைந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலிகளை அடுக்க வந்த ஊழியர்தான் முதலில் பார்த்தார். மாரடைப்பு.

வேனிலிருந்து இறங்கியவர்களில் சிலர் இன்னும் வார்டில் இருப்பவர்கள்; சிலர் எப்போதோ குணமாகி வீடு போனவர்கள். கூட வந்திருந்த நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றார்கள். செருப்புகளைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அம்மாவைப் பார்த்தார்கள். பிறகு மகளைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைதான் அவளுக்குப் பிடிபடவில்லை. துக்க வீட்டில் செத்தவரின் மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒருத்தியை இப்போதுதான் நேரில் பார்ப்பதுபோல இருந்தது.

ஒல்லியான ஓர் இளைஞன் பக்கத்தில் வந்து, "அக்கா, இப்பல்லாம் தூக்கம் வருதா?" என்றான்.

"நேத்துலேருந்து கண்ணை மூடலை."

"அது வேற," என்று தலையசைத்துவிட்டு நகர்ந்தான்.

அவனுக்குப் பின்னால் நின்ற பெண் தையல்காரி என்று சிஸ்டர் சொன்னாள். வார்டில் இரண்டு முறை இருந்துவிட்டுப் போனவள், இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். அவள் வந்ததும் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பாக இருந்தன.

"உங்களை ஒரு தடவையாவது பாக்கணும்னு அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னிக்குப் போய்ப் பாக்கணும்னு இருந்திருக்கு பாருங்க."

"என்னையா?"

"உங்க கதையைக் கேட்டுத்தான் நான் எந்திரிச்சேன். டாக்டரம்மா பொண்ணே வார்டுல படுத்து எந்திரிச்சு, படிச்சு, குடும்பம் குழந்தைன்னு இருக்கா, எனக்கென்ன கேடுன்னு நினைச்சுக்குவேன்."

பக்கத்தில் கணவன் காபித் தட்டோடு நின்றிருந்தான். ஒரு தம்ளர் மட்டும் தட்டில் லேசாக நகர்ந்த சத்தம் கேட்டது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நடந்தது அது. முதலில் சாப்பாடு நின்றது, பிறகு குளியல், பிறகு பேச்சு. இனி இருந்து என்ன செய்யப்போகிறோம் என்று அவள் சொன்ன அன்று அம்மா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு அவளைக் காரில் ஏற்றினாள். தான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு இல்லை. யாருக்கும் தெரியாத வேறொரு ஊருக்கு. வழியெல்லாம் அம்மா சாலையைப் பார்த்தபடியே பேசினாள். "இது உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும். அப்பாவுக்குக்கூட வேண்டாம். கம்ப்யூட்டர் கோர்ஸ் போயிருக்கேன்னு சொல்லிக்கிறேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்."

அப்பா அந்த கம்ப்யூட்டர் கோர்ஸை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கல்யாணம் நிச்சயமானபோது, இவனிடமாவது சொல்லிவிடுகிறேன் என்று அவள் கெஞ்சினாள். "வாயைத் திறந்தேன்னா அவ்வளவுதான்," என்றாள் அம்மா. அவள் திறக்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு அந்த இருட்டு மறுபடி எட்டிப் பார்த்தபோதும் தலைவலி என்றுதான் சொன்னாள்.

"அதுலயும் அந்த ராத்திரி," தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிலேருந்து நீங்க திரும்பி வந்த ராத்திரி, அம்மா மடியில படுத்து விடிய விடிய அழுதீங்களாமே. 'உனக்கு வந்தது நோவு, குத்தமில்ல. இதுக்கு நான் ஒருநாளும் வெக்கப்பட மாட்டேன்'னு அம்மா சொன்னாங்களாமே. அதைச் சொல்றப்பல்லாம் டாக்டரம்மாவுக்கே குரல் கம்மிடும்."

அவள் தன் கைகளை உருவிக்கொண்டாள். "இதோ வந்துடறேன்," என்று சமையலறைக்குள் போனாள்.

திரும்பி வந்த அன்று அம்மா பையை வாங்கி அறையில் வைத்தாள். "முகம் கழுவிட்டு வா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. கோர்ஸ் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க, நல்லாருந்துச்சுன்னு சொல்லு." அவ்வளவுதான். அன்று ராத்திரி அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தாள்.

பெரிய சிஸ்டர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள்.

"சிஸ்டர், எத்தனை பேருக்குத் தெரியும்?"

சிஸ்டருக்குப் புரிந்தது. தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "புதுசா வர்றவங்க எல்லாருக்கும் சொல்லுவாங்கம்மா. பேரெல்லாம் சொன்னதில்ல. 'என் பொண்ணு'ன்னுதான் சொல்லுவாங்க," என்றாள்.

"அவங்களுக்கு நான் ஒரே பொண்ணு சிஸ்டர்."

சிஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உள்ள பேசினது வெளிய போகக்கூடாதுன்னு எங்கம்மா வீட்டுல வார்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. வெளிய இருந்ததை உள்ள கொண்டுபோய்ப் போடலாமா?"

"நீங்க சம்மதிச்சீங்கன்னு சொன்னாங்களே. சொல்லச் சொன்னதே நீங்கதான்னு..." சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்ககிட்ட கேக்கவே இல்லையா?"

வெளியே யாரோ வண்டி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்கள்.

அம்மாவை ஏற்றிய வண்டி முன்னால் போக, கணவன் பின்னால் காரை ஓட்டினான். எப்போதும் முன்னால் போகிறவனைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறவன், இன்று ஹாரனைக்கூடத் தொடவில்லை. மூன்றாவது சிக்னலில் நின்றபோது பேசினான்.

"பாப்பா பொறந்தப்ப உனக்கு வந்த தலைவலி..."

"தலைவலி இல்ல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் கியரைப் போட்டான்.

"நான் தைலம் தேச்சு விட்டுக்கிட்டே இருந்தேன்."

"ஆமா."

"உங்கம்மா அந்த ரூம்லதான் உக்காந்திருந்தாங்க. 'நல்லா அழுத்தித் தேய்ங்க மாப்பிள்ளை'ன்னாங்க."

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது அந்தக் குரல் அப்படியே காதில் விழுந்தது, கொஞ்சமும் நடுங்காத குரல்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்," என்றான்.

மயானத்தில் தகன மேடைக்கு முன்னால் சிஸ்டர் இரண்டு வார்த்தை பேசினாள். இளைஞன் பேச வந்து அழுதுவிட்டுப் போனான். பிறகு எல்லாரும் மகளையே பார்த்தார்கள். அவள் தலையை அசைத்து மறுத்தாள். அம்மாவைக் கிடத்தியிருந்த தட்டு உலைக்குள்ளே நகர்ந்தது. இரும்புக் கதவு இறங்கியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. கையில் இருந்த பூக்களைப் போட மறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. தையல்காரி அதில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"உக்காருங்க," என்றாள் மகள். நின்றபடியே சொன்னாள். "நீங்க சொன்ன அந்த ராத்திரி நடக்கவே இல்ல."

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"வார்டுல இருந்தது நிஜம். மத்தது எதுவும் இல்ல. அம்மா என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை பேசினதே இல்ல. அன்னிக்கும் இல்ல, அப்புறமும் இல்ல."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. இந்தப் பெண் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாளோ அதை உருவியாயிற்று. ஆனால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? பதில் சொல்ல வேண்டியவள் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள்.

தையல்காரி புடவையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"என்கிட்ட சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "என் தலையைத் தடவிக்கிட்டே சொன்னாங்க." பிறகு, "அப்ப உங்களுக்கு யாரு சொன்னா?"

மகள் கையிலேயே இருந்த பூக்களைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள்.

தையல்காரி பெஞ்சில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம்விட்டாள். மகள் உட்கார்ந்தாள். எதிரே, மதிலோரக் குழாயில் கணவன் கைகழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்தும் அவன் நிமிரவில்லை. திறந்த குழாயிலிருந்து தண்ணீர் அவன் கைகளுக்கு நடுவே கொட்டிக்கொண்டிருந்தது.